ஆள் வருது

அப்பா வந்தார். அப்பாவின் அக்கா வந்தாள், எனக்கு அத்தை. நான் போனேன். நாங்கள் மூன்று பேரும் செம்மஞ்சேரியிலிருந்து பஸ்ஸில். அம்மா மயிலாப்பூரிலிருந்தே நடந்து வந்தாள். தம்பி அம்மாவின் இடுப்பில் வந்தான். அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, வர வேண்டிய வேலையே இல்லை. அவர் அந்தப் பார்க்கின் வாட்ச்மேன். அங்கேயேதான் இருந்தார். ஆக ஆறு பேர். ஒரு குடும்பம் மே மாத லீவில் பார்க்கில் நடந்த இசை விழாவுக்குப் போனது என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாலாவது முடித்திருந்தேன். தம்பிக்கு நாலு வயது.

அதற்கு முந்தின வருஷம் வரை எல்லோரும் அடையாற்றங்கரையில் ஒரே குடிசையில் இருந்தோம். அதை எடுத்துவிட்டுச் செம்மஞ்சேரியில் சர்க்கார் வீடு கொடுத்தார்கள். சிமெண்டு வீடு. மழை ஒழுகாது. ஆனால் அம்மாவுக்கு வேலை மந்தைவெளியில். இரண்டு வீட்டில் சமையல். முதல் வீட்டில் காலை ஐந்தரைக்குக் காபி இறங்க வேண்டும். செம்மஞ்சேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அம்மா போய்ச் சேர ஏழாகிவிடும். அப்பாவுக்கு நேர்மாறு. பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சென்ட்ரிங் வேலை நடந்து போகிற தூரத்தில் கிடைத்தது.

வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் மயிலாப்பூரில் மாமா வீட்டுக்குப் போகலாம் என்றாள் அம்மா. பூட்டிக் கிடக்கிற வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பிளாக்கில் பேச்சு. திடீரென்று ஆபீசர்கள் வந்து பார்ப்பார்களாம். உள்ளே ஆள் இல்லையென்றால் அவ்வளவுதானாம். அப்பா நகர மாட்டேன் என்றார். பொங்கல் முடிந்ததும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு இருந்தேன். மே மாதம் வரை அம்மா வரவில்லை.

நடுவில் ஒரு தடவை மாமா வீட்டில் வைத்துப் பேசினார்கள். அந்தச் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள். இவர்கள் பேசி முடிப்பதற்குள் குழாயடியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

அதனால்தான் மாமா இந்த யோசனை சொன்னார். அப்பாவின் போனில் அவர் பேசியது எனக்கே கேட்டது.

“மாப்ள, பார்க்குல மூணு நாளு கச்சேரி கீது. ஸ்பீக்கர் கட்டிக்கீறான் பாரு, ஆள் ஒசரத்துக்கு. பின்னால ஜெனரேட்டர் வேற. அங்க நின்னு கத்துனாலும் எவன் காதுலயும் வுழாது. இட்டுனு வா.”

என்னிடம் சொன்னது, கச்சேரிக்குப் போகிறோம், அம்மா வரும் என்று. எனக்கு அது போதும். அம்மா வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டால் திரும்பும்போது எங்கள் பஸ்ஸில்தானே ஏறியாக வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். அம்மாவை வீட்டுக்கு அழைத்து வருவதற்குத்தான் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டும் வந்தேன்.

பஸ் பெருங்குடி பக்கம் வந்தபோது குப்பைமேட்டுப் புகை உள்ளே வந்தது. எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மடியில் மஞ்சள் பை. அதில் ஆறு பேருக்குப் புளிச்சோறு.

“இந்த நாத்தத்துக்குப் பயந்தே ஓடிட்டா போல உங்கம்மா.”

“வாய மூடிக்கினு வாக்கா,” என்றார் அப்பா.

“மூடிக்கினுதான கீறேன்.”

பார்க் வாசலில் அம்மா நின்றிருந்தாள். நான் ஓடினேன். அம்மா என் தலையைத்தான் முதலில் பார்த்தாள்.

“யாரு பின்னி வுட்டது?”

“நானேதான்.”

ஒரு பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். இன்னொன்றைத் தொடுவதற்குள் மாமா வந்துவிட்டார். காக்கிச் சட்டை, கையில் குச்சி. அன்றைக்குக் கூட்டம் என்பதால் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

“பாப்பா, நீ போய் ஆறு சீட்டு புடி. நாங்க பேசிட்டு வந்துடறோம். வுட்டுடாத, இன்னா?”

“நீ போய் மொதல்ல பேசு,” என்றாள் அத்தை மாமாவிடம். “அது புடிக்கும். தண்ணி லாரிக்குக் கொடம் வெக்கறதே அதான்.”

அத்தை சொன்னது உண்மை. இடம் பிடிப்பதில் நான் கெட்டி. செம்மஞ்சேரியில் தண்ணி லாரி எந்த நேரம் வரும் என்று தெரியாது. வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வந்துவிடுவோம். குடம் வைத்தால் ஆள் நிற்கிற மாதிரி. அதை நகர்த்தினவளைத் தெருவே திட்டும். குடம் இல்லாதவர்கள் செங்கல் வைப்பார்கள். செங்கலுக்கும் அதே மரியாதை. ரேஷன் கடையில் பை. பஸ்ஸில் துண்டு. நான் எங்கள் வீட்டுக்கும் வைப்பேன், வயசானவர்கள் இரண்டு வீட்டுக்கும் வைப்பேன். ஒரு நாளும் இடம் போனதில்லை.

முன்னால் இரண்டு வரிசை வெள்ளைத் துணி போட்ட சோபா. அது நமக்கில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அதற்குப் பின்னால் நீல நாற்காலிகள். முதல் வரிசையில் ஓரமாக ஆறு பிடித்தேன். ஓர நாற்காலி மாமாவுக்கு. அதில் தண்ணி பாட்டில் வைத்தேன். அடுத்தது அத்தைக்கு, மஞ்சள் பை. அப்பாவுக்கு அவர் துண்டு. தம்பிக்கு என் இடது செருப்பு. அம்மாவுக்கு என் வலது செருப்பு. ஆறாவதில் நான். அம்மா என் பக்கத்தில் வருகிற மாதிரி யோசித்துத்தான் வைத்தேன்.

நாதஸ்வரத்தோடு ஆரம்பித்தார்கள். கூட்டம் நிறைய வந்தது. நல்ல புடவை கட்டின பெண்கள், விசிறியோடு வந்த தாத்தாக்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னைத் தாண்டித் தலையாட்டினார்கள்.

மேடைக்கு இடப்பக்கம், மரத்தடியில் ஜெனரேட்டர் வண்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மாமா சொன்னது சரிதான்.

புடவையில் அட்டை குத்தின ஒரு அம்மாள் வந்தாள். விழா நடத்துகிறவர்களில் ஒருத்தி.

“ஏண்டா கண்ணா, இதெல்லாம் யாரோடது?”

“எங்களுது. ஆள் வருது.”

“அஞ்சு சேருக்குமா?”

“ஆமா.”

“ஆள் வந்தப்புறம் உக்காரட்டும். பெரியவாள்லாம் நின்னுண்டிருக்கா பாரு. செருப்பை சேர் மேல வெக்கப்படாதும்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை இரண்டு விரலால் எடுத்துக் கீழே வைத்தாள். ஜோடியாக, ஒழுங்காகத்தான் வைத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் எடுத்துத் திரும்ப மேலே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தாத்தா வந்தார். ஓர நாற்காலியில் இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“தாத்தா, ஆள் வருது.”

“வரட்டுமே. வந்தா எழுந்துக்கறேன்.”

எங்கள் தெருவில் இப்படி யாரும் சொல்லமாட்டார்கள். குடத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் சண்டைதான். இவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்திருப்பதாகச் சொல்லிவிட்டாரே, அதனால் அது போனதாக நான் எண்ணவில்லை. ஆறு அப்படியே இருப்பதாகத்தான் எண்ணிக்கொண்டேன். அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். மாமா வந்து நின்றாலும் இவருக்குத் தெரியுமா என்று கவலையாக இருந்தது.

நாதஸ்வரம் முடிந்து பள்ளிக்கூடப் பெண்கள் பத்துப் பேர் பாட வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சைப் பாவாடை. என் வயசுதான் இருக்கும். பாட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாடினார்கள். கீழே அவர்களுடைய அம்மாக்கள் போன் வைத்துப் படம் எடுத்தார்கள்.

அப்போதுதான் ஒரு தெற்கத்திப் பெண் வந்தாள். கழுத்து நிறைய நகை, கை நிறைய தி. நகர் ஜவுளிக்கடைப் பைகள். கூடவே புருஷனும் மாமியாரும்.

“ஏட்டி, இந்த நாலுலயும் யாரு?”

“ஆள் வருது.”

“எப்பட்டி வரும்? பாதிக் கச்சேரி முடிஞ்சிட்டுல்லா.”

“இப்ப வரும்.”

“ஆளு வருது ஆளு வருதுங்க. ஒரு ஆளையும் காணுமே. எங்க வருது, காட்டு பாப்பம்.”

எனக்கு ரோஷம் வந்தது. கையை நீட்டி மரத்தடியைக் காட்டினேன். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தார். அத்தை விரலை நீட்டி அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். நடுவில் மாமா, குச்சியோடு. தம்பி ஜெனரேட்டர் வண்டியின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் நிறைய நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரல் வேறாகிவிட்டது.

“ஒங்க அம்மைக்கு எந்த நாற்காலிட்டி?”

பக்கத்து நாற்காலியைத் தொட்டுக் காட்டினேன்.

“சரி. அது இருக்கட்டும். மத்ததுல நாங்க உக்காந்துக்கிடுதோம். அவங்க இப்ப வரமாட்டாவ பிள்ள.”

“வருவாங்க.”

“வந்தா தருவேன்.”

அவளும் தருவதாகச் சொன்னாள். அத்தையின் நாற்காலி, அப்பாவின் நாற்காலி, தம்பியின் நாற்காலி மூன்றிலும் உட்கார்ந்தார்கள். மஞ்சள் பையும் துண்டும் செருப்பும் என் மடிக்கு வந்தன. ஒரு முறுக்கு கொடுத்தாள். வாங்கமாட்டேன் என்றேன். பையின் மேலேயே வைத்துவிட்டாள்.

அட்டை குத்தின அம்மாள் இன்னொரு தடவை வந்தாள். அம்மாவின் நாற்காலியில் கை வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தெற்கத்திப் பெண்ணே முந்திக்கொண்டாள்.

“ஆளு வருதுங்கால்லா. கண்ணு தெரியலியா?”

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

புல்லாங்குழல் வாசிக்க ஒருவர் வந்தார். விளக்குகள் போட்டார்கள். அந்த நேரத்தில் அம்மா வந்தாள். தம்பி அவள் தோளில் தூங்கியிருந்தான். நான் செருப்பைத் தட்டிவிட்டு நாற்காலியைக் கையால் துடைத்தேன். அம்மா உட்கார்ந்தாள்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

மேடையைத்தான் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக இழுத்துச் சொடக்கு எடுத்தாள். சின்ன வயசிலிருந்து எனக்கு அது பிடிக்கும். ஒரு கையில் நாலு வந்தது. கட்டைவிரலில் வரவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தாள். வலித்தது. நான் சொல்லவில்லை.

“ராத்திரி யாரு சமைக்கறா?”

“நைனா சோறு வடிக்கும். நான் கொழம்பு வைப்பேன்.”

“இன்னா கொழம்பு?”

“பருப்பு.”

“பெருங்காயம் போடறியா?”

“இல்ல.”

“போடு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கதவைத் தாப்பா போட்டுக்கினு குந்து. யாரு கூப்ட்டாலும் பேரு கேட்டுட்டுத் தொற,” என்றாள்.

“நீதான் இப்ப வரப் போறியே.”

அம்மா மறுபடி என் கட்டைவிரலை இழுத்தாள். புல்லாங்குழல் பெரிதாகக் கேட்டது. அதனால் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா எழுந்தாள். தம்பியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“தோ வரேன். குந்திக்கினு இரு.”

“சீட்டு?”

“வெச்சிக்கினு இரு.”

நான் அப்பாவின் துண்டை அதில் விரித்தேன். இந்தத் தடவை செருப்பு வைக்க மனசு வரவில்லை. ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடம் எங்கள் தெருவில் அவர்களுடையதுதான். யாரும் கேட்க முடியாது. அதனால் நான் நிம்மதியாக இருந்தேன். முறுக்கைத் தின்றேன். பாதியை உடைத்துத் தம்பிக்கு வைத்தேன்.

கடைசியாகப் பழைய சினிமாப் பாட்டுகள் போட்டார்கள். எல்லோரும் கூடவே பாடினார்கள். அந்தத் தாத்தாவும் பாடினார். எனக்கும் இரண்டு தெரியும். பாடவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் பாடியிருப்பேன். மரத்தடியைப் பார்த்தேன். அப்பாவும் அத்தையும் மட்டும் நின்றார்கள். மாமாவுக்கு வாசலில் வேலை இருக்கும். அம்மா தம்பிக்குத் தண்ணி வாங்கப் போயிருப்பாள்.

விழா முடிந்தது. தாத்தா எழுந்தார். “உங்காத்து மனுஷா வரவே இல்லையேம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். தெற்கத்திப் பெண் பைகளை எண்ணி எடுத்துக்கொண்டாள். போகும்போது என் தலையில் கை வைத்தாள். ஒரு பின்னல் இறுக்கமாகவும் ஒரு பின்னல் தளர்ந்தும் இருந்ததைப் பார்த்திருப்பாள் போல. தளர்ந்த பக்கத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

நாற்காலி அடுக்குகிற பையன்கள் வந்துவிட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வரிசையில் என்னுடையதும் அம்மாவுடையதும்தான் மிச்சம்.

அப்பா வந்தார். துண்டின் மேலேயே உட்கார்ந்தார்.

“அம்மா தோ வரேன்னு சொல்லிச்சு நைனா,” என்றேன். “எந்திரி.”

அப்பா எழுந்தார். எழுந்து பக்கத்தில் நின்றார். நான் சொன்னதற்காக அவர் ஒன்றை உடனே செய்தது அன்றைக்குத்தான். என்னைத் திட்டியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி அடுக்குகிற பையன் வந்து, “இன்னாண்ணா, எடுக்கட்டா?” என்றான். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தானே அந்த நாற்காலியைத் தூக்கி அவனிடம் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம். நடுவில் அத்தை. அப்பா பின்னால் நின்றுகொண்டு வந்தார். உட்கார இடம் இருந்தது. ஆனாலும் நின்றார்.

“அம்மா எப்ப வரும்?”

“வர்றப்ப வரும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வரேன்னு ஒத்துக்கினுகீது.”

“தம்பி?”

“அவன் அங்கியே பள்ளிக்கூடம் சேரட்டும். அதான் பேசிக்கீது.”

“நான்?”

அத்தை மஞ்சள் பையை அவிழ்த்துப் பார்த்தாள். திரும்பவும் கட்டினாள்.

“உங்கப்பன் காலைல போனா ராவுலதான் வருவான். வூட்ல ஆளு இருக்கணும் பாப்பா. பூட்டு தொங்கினா பூடும். இடம் புடிக்கறதுல உன்ன வுட்டா ஆளு யாரு கீறா, சொல்லு?”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறில் ஒன்றைக்கூட நான் காப்பாற்றவில்லை. அதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை, இன்னும் என்னைத்தான் நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரி என்றேன். நான் சரி சொன்னது அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எதற்குச் சரி சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அப்பா உட்காரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பிளாக்கில் மற்றப் பிள்ளைகள் காலையில் போவார்கள், சாயங்காலம் வருவார்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருப்பேன். பகலில் யாராவது செருப்புச் சத்தத்தோடு படியேறினால் எழுந்து நின்றுகொள்வேன். பெரும்பாலும் தவணைக்குப் பாத்திரம் விற்கிறவர். அடுத்த வருஷம் என் நாலாம் வகுப்புப் புத்தகங்களை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தோம்.

அப்பா பேருக்கு வீட்டுப் பத்திரம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. எட்டு வருஷம். அத்தனை நாளில், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வந்தது இரண்டு தடவை.